இடுப்பு வலிக்கு இதமாய் ஒரு கை!

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, 'மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்குகிறது. நினைத்தாலே பயமாக இருக்கிறது. வலி எடுக்கும்போது பக்கத்தில் இருந்து நான் என்ன செய்ய முடியும்?' என்று கேட்டு எழுதியிருந்தார். படித்த நாளிலிருந்து அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. காரணம், அதே பயத்தோடு நானும் பத்து மாதம் தூக்கம் கெட்டவள். என் அனுபவத்தையும், அதன் வழியாகத் தெரிந்துகொண்டதையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தலைப்பிரசவம் 1995-ல். ஐப்பசி மாதம், அடைமழை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தாய் வீடு. ராத்திரி பதினோரு மணிக்கு வலி கண்டது. அம்மா சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்து, 'சூட்டு வலியா இருந்தா இதுல அடங்கிடும். பிள்ளை வலின்னா கூடும்' என்றார். கூடத்தான் செய்தது. வாடகைக் கார் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

பிரசவ அறை வாசலிலேயே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். 'நீங்க வெளியில இருங்கம்மா' என்று கதவைச் சாத்தியது இன்னும் காதில் கேட்கிறது. உள்ளே இரும்புக் கட்டில், மேலே சுற்றும் மின்விசிறி, முனகிக்கொண்டிருக்கும் இன்னும் மூன்று பெண்கள். யாரும் யாருக்கும் துணையில்லை. இரண்டு முறை வாய்விட்டுக் கத்தினேன். 'இதுக்கே இப்படிக் கத்தினா எப்படி?' என்று அதட்டல் வந்தது. அதன்பிறகு புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

விடியற்காலை நான்கு மணி இருக்கும். தரை துடைக்க வந்த ஆயாம்மா ஒருவர் வாளியை ஓரமாக வைத்துவிட்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். 'மூச்சைப் பிடிக்காத தாயி, விடு... விடு' என்றார். வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை என்னைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்த வலி, அந்தக் கைக்குக் கீழே தாங்கக்கூடிய வலியாக மாறியது. பத்து நிமிடம் இருப்பார், யாரோ கூப்பிடுவார்கள், போவார். மறுபடி வருவார். பொழுது விடிந்து மகள் பிறந்த பிறகு அவரைத் தேடினேன். டூட்டி முடிந்து போய்விட்டார் என்றார்கள். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

யோசித்துப் பாருங்கள், பிரசவ வலியை நம் ஊரில் 'இடுப்பு வலி' என்றுதானே சொல்கிறோம்! கையை எங்கே வைக்க வேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. மருத்துவச்சிகள் காலத்தில் இடுப்பை நீவுவதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் வழக்கமாக இருந்தவைதான். வீட்டுப் பிரசவத்தில் ஆபத்துகள் அதிகம் என்பதால் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு மாறினோம். அது நல்லதுக்குத்தான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. ஆனால் வீட்டைவிட்டு வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிட்ட கையையும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

தேய்த்தால் வலி ஏன் குறைகிறது?

இதை எனக்கு விளக்கியவர் என் மகளைக் கவனித்த கிராம சுகாதார நர்ஸ். 'அம்மா, முழங்கை கதவுல இடிச்சா உடனே என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டார். 'தேய்ச்சுவிடுவேன்' என்றேன். 'ஏன் தேய்க்கிறீங்க? யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?' என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வலியும் சரி, தொடுகிற உணர்ச்சியும் சரி, நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போய் அங்கிருந்துதான் மூளைக்குப் போகின்றனவாம். அந்தத் தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்துவது, தேய்ப்பது, சூடு படுவது போன்ற உணர்ச்சிகள் அந்தக் கதவை ஓரளவு சாத்திவிடுகின்றன. வலிச் செய்தி முழு வேகத்தில் மேலே போக முடிவதில்லை. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட கருத்து இது. அதன்பிறகு இதில் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டாலும், தொடுகை வலியை மட்டுப்படுத்துகிறது என்ற அடிப்படை மாறவில்லை.

கர்ப்பப்பை சுருங்குவதும், அதன் வாய் திறப்பதும்தான் ஆரம்ப வலிக்குக் காரணம். அடிவயிற்றில் கிளம்பும் அந்த வலி பின் இடுப்பிலும் தெரிகிறது. குழந்தையின் பின்னந்தலை தாயின் முதுகுப் பக்கம் பார்த்து அமைந்துவிட்டால் இடுப்பு உடைகிற மாதிரி வலிக்கும். இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாலிருந்து அழுத்திக் கொடுப்பது பெரிய ஆறுதல். இன்னொன்றும் உண்டு. பயந்தால் உடம்பு விறைக்கும். விறைத்தால் வலி கூடும். வலி கூடினால் பயம் கூடும். பழகிய கை ஒன்று மேலே இருந்தால் இந்தச் சுழல் கொஞ்சம் அறுபடுகிறது.

இதெல்லாம் பாட்டி வைத்தியப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ காலப் பரிந்துரைகளில், வலி குறைய வேண்டும் என்று கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு மசாஜும், வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அதே 2018-ல், மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, மசாஜ் பிரசவத்தின் முதல் கட்ட வலியைக் குறைக்கக்கூடும் என்று கூறியது. ஆய்வுகள் சிறியவை என்பதையும் அது மறைக்கவில்லை. மசாஜ் செய்தால் சிசேரியன் தவிர்ந்துவிடும் என்றெல்லாம் அதில் இல்லை. ஆக, இது ஒரு இதம், மந்திரம் அல்ல. வலி தாங்காமல் ஊசியோ, முதுகில் போடும் எபிடூரலோ கேட்கும் பெண்ணை, 'நாங்கல்லாம் பெத்துக்கலையா?' என்று தயவுசெய்து குத்திக்காட்டாதீர்கள். அது அவள் உடம்பு, அவள் வலி.

கையை எங்கே வைப்பது? எப்படி வைப்பது?

நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை ஏழாம் மாதத்திலிருந்தே வீட்டில் பழகினோம். அப்போது மகளுக்குத் தெரியாமல் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அதிலிருந்து தருகிறேன்:

1. முதலில் கையைச் சுத்தம் செய்யுங்கள். நகத்தை வெட்டுங்கள். மோதிரத்தையும் கண்ணாடி வளையலையும் கழற்றி வையுங்கள். ஜுரம், சளி இருப்பவர்கள் பக்கத்தில் போக வேண்டாம்.

2. அவளை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். நாற்காலியில் திருப்பி உட்கார்ந்து அதன் முதுகில் தலையணையை வைத்துச் சாயலாம். நிற்க முடிந்தால் சுவரிலோ, உங்கள் தோளிலோ சாய்ந்துகொள்ளலாம். நடக்க முடிகிறவரை நடப்பதும் நல்லது.

3. முதுகெலும்பு இறங்கி முடிகிற இடத்தில், பிட்டத்துக்குச் சற்று மேலே, தட்டையான முக்கோண எலும்பு ஒன்று தட்டுப்படும். அதுதான் இடம். சப்பாத்தி மாவை அழுத்துவோமே, அதேபோல உள்ளங்கையின் அடிப்பகுதியை அங்கே வைத்து, உடம்பு பாரத்தைக் கையில் இறக்கி, ஒரே சீராக அழுத்துங்கள். விரல் நுனியால் குத்தாதீர்கள். வலி கிளம்பும்போது தொடங்கி, உச்சத்துக்குப் போகும்போது அழுத்தத்தைக் கூட்டி, அடங்கும்போது மெல்லக் கையை எடுக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். 'இன்னும் பலமா' என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

4. இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் இரு பக்கமும், பிட்டத்தின் சதைப் பிடிப்பான இடத்தில் வைத்து, நடுவை நோக்கிச் சேர்த்து அழுத்துவது இன்னொரு முறை. இதற்குக் கைபலம் வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்றும் செய்யலாம்.

5. இரண்டு வலிகளுக்கு நடுவில் ஓய்வு கிடைக்குமே, அப்போது அழுத்தக் கூடாது. கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து முதுகு என்று மேலிருந்து கீழாக மெதுவாக நீவிவிடுங்கள். உள்ளங்கை, பாதம் பிடித்துவிடலாம். தொட வேண்டாம் என்றால் கையை எடுத்துவிடுங்கள். பிரசவம் நெருங்க நெருங்கச் சிலருக்கு யார் தொட்டாலும் எரிச்சல் வரும். அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

6. வெறும் கையால் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் தோல் எரியும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். ஆஸ்பத்திரியில் எண்ணெய் பூசலாமா என்று நர்ஸைக் கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் சிந்தினால் வழுக்கும்.

7. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து பின் இடுப்பில் ஒத்தடம் கொடுக்கலாம். முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவளுக்கும் சுடும்.

என் மாப்பிள்ளை சனி, ஞாயிறுகளில் வருவார். மாமியார் எதிரில் மனைவியின் இடுப்பைத் தொடுவதா என்று முதலில் அவருக்கு ஒரே கூச்சம். 'கூச்சத்தை எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு பட்டுக்கலாம் மாப்பிள்ளை, இப்ப கத்துக்குங்க' என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன். இரண்டே வாரத்தில் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்.

செய்யக் கூடாதவை

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயிற்றில் கை வைக்கவே கூடாது. 'வயித்தை நீவிவிட்டா பிள்ளை இறங்கிடும்', 'பிள்ளை திரும்பிக்கும்' என்று சொல்லி வயிற்றை அமுக்குவதும் கீழ்நோக்கித் தள்ளுவதும் ஆபத்து. கர்ப்பப்பைக்கும், நச்சுக்கொடிக்கும், குழந்தைக்கும் கெடுதல் நேரலாம். பிரசவ நேரத்தில் வயிற்றின் மேல்பகுதியை அமுக்கித் தள்ளுவதை உலக சுகாதார நிறுவனமும் அந்த 2018 பரிந்துரையிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

முதுகெலும்பின் மேலேயே அழுத்தாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அதைத் தேய்க்கக் கூடாது. ரத்தம் கட்டியிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். எபிடூரல் போட்டிருந்தால் குழாய் இருக்கும் இடத்தின் பக்கமே கை போகக் கூடாது. வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பதும் வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து பெண் துவண்டுவிடுவாள்.

ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, அந்தத் தண்ணீர் பச்சை நிறமாக இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியும் கண் மங்கலும் வந்தாலோ, 37 வாரத்துக்கு முன்பே வலி கண்டாலோ, முன்பு சிசேரியன் ஆனவளுக்கு வலி கண்டாலோ, மசாஜ் செய்துகொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அந்த ராத்திரி

2023 ஆவணி மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு மகள் என் தோளைத் தட்டினாள். 'அம்மா, விட்டு விட்டு வலிக்குது.' கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டோம். 'பனிக்குடம் உடையல, ரத்தம் படல, பிள்ளை அசையுதுன்னா பதற்றம் வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஆனதும் கூட்டிட்டு வாங்க' என்றார்கள்.

கூடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார வைத்தேன். நோட்டில் எழுதியதெல்லாம் மறந்துவிட்டது! எண்ணெய் எடுக்க மறந்து வெறுங்கையால் தேய்த்தேன். ஒவ்வொரு வலிக்கும், 'ரொம்ப வலிக்குதாடா?' என்று கேட்டேன். பெற்ற பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு முனகும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. 1995-ம் வருடத்து இரும்புக் கட்டில்தான் கண்ணெதிரே வந்தது. என் கண்ணீர் அவள் முதுகில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள்.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாவும் பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்தார்கள. அதே நேரம் சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெரியம்மாவும் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். நல்ல மனுஷி, அந்தக் காலத்தில் எத்தனையோ பிரசவத்துக்குக் கூட இருந்தவர். 'வயித்துல தடவி நாலு நீவு நீவினா வழியிலேயே பிரசவம் ஆயிடும்' என்று உட்கார்ந்துவிட்டார். பெரியவர் மனம் நோகுமே என்று நான் தயங்கிக்கொண்டு நின்றேன். தப்பு என்று தெரிந்தும் தயங்கினேன், சகோதரிகளே! சம்பந்தி அம்மா முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 'வயித்துல கை வைக்க வேண்டாம் பெரியம்மா. அந்த எண்ணெயை எங்கிட்ட கொடுங்க, இடுப்புக்குப் போட்டுக்கறேன்' என்று அமைதியாகச் சொன்னார். குரல் உயரவில்லை. ஆனால் அதற்குமேல் யாரும் பேசவில்லை. அப்படியே என் மகளின் பின்னால் உட்கார்ந்து, வலி வந்தபோது அழுத்திப் பிடித்தார். மகள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். என் கைக்கு வராத மூச்சு அது.

யார் உள்ளே வருகிறீர்கள்?

ஏழு மணிக்கு அரசு ஆஸ்பத்திரி. இப்போதெல்லாம் 1995 மாதிரி இல்லை. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-லேயே பிரசவத் துணை என்ற ஏற்பாடு வந்துவிட்டது. பிரசவிக்கும் பெண்ணோடு அவள் விரும்பும் ஒரு பெண் உறவினர் உள்ளே இருக்கலாம். மத்திய அரசும் 2016-ல் நாடு முழுக்க அரசு ஆஸ்பத்திரிகளில் இதை அனுமதித்தது. இப்படி ஒருவர் கூடவே இருப்பதால் என்ன நன்மை என்று 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளை 2017-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் சற்றுக் குறைந்திருந்தது. இயல்பாகப் பிரசவிக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. 'கஷ்டமான அனுபவம்' என்று சொன்னவர்கள் குறைவு.

நர்ஸ் வெளியே வந்து, 'யாராவது ஒருத்தர்தான். யார் வர்றீங்க?' என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றேன். இதில் கேள்வியே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: 'அத்தை வரட்டும்மா.'

மனசு உடைந்துவிட்டது. பத்து மாதம் சுமந்து பெற்றது யார்? ஏழாம் மாதத்திலிருந்து நோட்டு போட்டுக் கற்றுக்கொண்டது யார்? மறுபடியும் ஒரு பிரசவ அறைக் கதவு என் முகத்துக்கு எதிரே சாத்திக்கொண்டது. என் அம்மா அன்று வெளியே நின்ற மாதிரி நானும் வெளியே நின்றேன். என் அம்மாவை நர்ஸ் நிறுத்தினார். என்னை என் மகளே நிறுத்தினாள். வேப்பமரத்தடி பெஞ்சில் வெந்நீர் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை டீ வாங்கிக் கொடுத்தார். இறங்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் பேரன் பிறந்தான். சுகப்பிரசவம். சம்பந்தி அம்மா வெளியே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கையின் அடிப்பகுதி கன்றிச் சிவந்திருந்தது. ஏழு மணியிலிருந்து வலிக்கு வலி விடாமல் அழுத்தியிருக்கிறார். அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் எங்கிருந்து வரும்?

மறுநாள் ராத்திரி வார்டில் எல்லாரும் தூங்கிய பிறகு கேட்டேன், 'எப்படி சம்பந்தி, உங்களுக்கு மட்டும் கை நடுங்கல?' கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார். 'என் ரெண்டாவது பிரசவம் வீட்டுல. வலி வரலைன்னு வயித்தை அமுக்கினாங்க. வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. எனக்காகச் சொல்றதுக்கும் யாரும் இல்ல. அந்தப் பிள்ளை தங்கல. அதனாலதான்னு எனக்குத் தெரியாது சம்பந்தி. ஆனா நம்ம வீட்டுல இன்னொருத்தி வயித்துல யாரும் கை வைக்க விடறதில்லன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்' என்றார். கல்யாணம் முடிந்து மூன்று வருடம், சீர் முதல் சமையல் வரை எத்தனையோ பேசியிருக்கிறோம். இதை அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

மகளிடம் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவளே சொன்னாள்: 'அம்மா, உன் கை நடுங்குச்சு. நீ அழுதே. நீ அழுதா நான்தான் உன்னைத் தேத்தணும். அப்ப எனக்கு அதுக்குத் தெம்பு இல்லம்மா. அதுக்காக நீ வேண்டாம்னு அர்த்தம் இல்ல.' நியாயம்தானே! துணைக்குப் போகிறவள் துணையாக இருக்க வேண்டும். அவளே இன்னொரு பாரமாகிவிடக் கூடாது.

கேள்வி கேட்ட சகோதரிக்கு...

மகளிடம் இப்போதே பேசுங்கள். உள்ளே யார் வர வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். அம்மாவோ, மாமியாரோ, அக்காவோ, நாத்தனாரோ, யாரைச் சொன்னாலும் முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் பிரசவம் பார்க்கப் போகும் ஆஸ்பத்திரியில் என்ன வழக்கம், கணவரை அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உள்ளே போகப் போகிறவரும், வீட்டில் இருக்கப் போகிறவரும் இடுப்பைப் பிடித்துவிடும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை உள்ள அந்தச் சில மணி நேரம் வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் உரியது. அதில் மாப்பிள்ளைக்கும் பங்கு உண்டு.

உள்ளே போனால், நர்ஸ் பரிசோதிக்க வரும்போது விலகி நில்லுங்கள். அவர் வேலையை நாம் செய்யப் போகவில்லை. 'எவ்வளவு வலிக்குது?' என்று கேட்காதீர்கள். 'இந்த வலி முடிஞ்சுது, இப்ப மூச்சு விடு' என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் பிறகு அழலாம். நான் ஆசை தீர அழுதது பேரனைக் கையில் வாங்கிய பிறகுதான்.

எங்கள் வீட்டில் அடுத்து பிரசவிக்கப் போகிறவள் என் தம்பி மகள். தாயில்லாப் பெண். 'பெரியத்தை, நீங்க வருவீங்களா?' என்று கேட்டிருக்கிறாள். சம்பந்தி அம்மா வாரம் ஒருமுறை வந்து எனக்குப் பயிற்சி கொடுக்கிறார். 'கை மட்டும் அழுத்தினா போதாது சம்பந்தி, முகத்தையும் சரியா வச்சுக்குங்க' என்று அதட்டுகிறார். இந்த முறை கை நடுங்காது என்று நம்புகிறேன்.

1995-ல் வாளியை ஓரமாக வைத்துவிட்டு என் இடுப்பைப் பிடித்த அந்த ஆயாம்மாவுக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. இந்தக் கடிதம்தான் அந்த நன்றி.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் எல்லாரும் பெற்றுப் பிழைத்து, தாயும் சேயுமாக நலமாக வீடு வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பாட்டியாகிவிட்ட ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்.